ஹாலோ பிளாக் சுவரில் கீசரை மாட்டுவது எப்படி?

கேள்வி: எங்கள் குளியலறைச் சுவர் ஹாலோ பிளாக்கால் கட்டி டைல்ஸ் ஒட்டியது. 25 லிட்டர் கீசர் மாட்டத் துளையிட்டபோது டிரில் பிட் சட்டென்று உள்ளே போய்விட்டது. ஆங்க்கர் போல்ட்டும் இறுகாமல் சுற்றுகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி ஒருவர், திருப்பூர்

பதில்: அந்த போல்ட்டை நம்பித் தயவுசெய்து கீசரை மாட்டிவிடாதீர்கள். தண்ணீர் மட்டுமே 25 கிலோ. கீசரின் எடையும் சேர்ந்து குளிப்பவர் தலைக்கு மேலே தொங்கப்போகிறது. ஹாலோ பிளாக்கின் முகப்பு ஓர் அங்குலத்தைச் சற்றே மிஞ்சும் கனம்தான். அதன் பின்னால் வெற்றிடம் என்பதால், விரிந்து பிடிக்க வேண்டிய ஆங்க்கர் போல்ட் பிடிமானம் கிடைக்காமல் சுற்றும், அல்லது இறுக்க இறுக்க அந்த மெல்லிய பகுதியையே உடைத்துவிடும்.

சுவரின் மறுபக்கம் கைக்கு எட்டுமானால், சுவரை ஊடுருவும் நீளமான போல்ட்டைப் போட்டு, பின்புறம் அகலமான இரும்புத் தகடு வைத்து நட் போட்டு இறுக்குவதே நான் முதலில் சொல்லும் வழி. எட்டாவிட்டால், உடையாத இடத்தில் புதிதாகத் துளையிட்டு, வலைக்குழாயைச் செருகி, அதனுள் கெமிக்கல் ஆங்க்கர் பசையைச் செலுத்தித் திருகுக்கம்பியைப் பொருத்த வேண்டும். வலைக்கண்கள் வழியே பிதுங்கும் பசை, வெற்றிடத்துக்குள் முடிச்சுப்போல இறுகிப் பிளாக்கைப் பற்றிக்கொள்ளும். வலைக்குழாய் இல்லையேல் பசை முழுவதும் உள்ளே கொட்டி வீணாகும். பசை இறுகுவதற்கு அதன் உறையில் குறித்துள்ள நேரம் முடியும்வரை சுமை ஏற்றக் கூடாது.

துளையிடும்போது டிரில்லின் ஹேமர் இயக்கத்தை நிறுத்தி, டைல்ஸ் பிட்டால் மெதுவாகத் தொடங்குங்கள். மின்கம்பியும் குழாயும் செல்லும் தடத்தை எலக்ட்ரீஷியனிடமும் பிளம்பரிடமும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.