சிரைவழி வைட்டமின் சி: அமிலமா, உப்பா?

கேள்வி: என் தாயாருக்கு வைட்டமின் சி-யைச் சிரைவழியாக ஏற்றலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். வைட்டமின் சி-யின் அமில வடிவமான அஸ்கார்பிக் அமிலம் இரத்த நாளத்தை எரித்துவிடும், அதன் உப்பான சோடியம் அஸ்கார்பேட்தான் பாதுகாப்பானது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வாங்கி வந்த குப்பியில் ‘அஸ்கார்பிக் அமில ஊசிமருந்து’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது. இதை ஏற்றலாமா?

பதில்: உங்களுக்குச் சொன்னவர்களும் தவறாகச் சொல்லவில்லை, குப்பியிலும் தவறாக அச்சிடவில்லை. தூய அஸ்கார்பிக் அமிலத்தை நீரில் கரைத்தால் அந்தக் கரைசலின் பிஹெச் மதிப்பு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவுகோல்) 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். நம் இரத்தத்தின் பிஹெச் மதிப்போ 7.4. அவ்வளவு புளிப்பான கரைசலை அப்படியே செலுத்தினால் நாளத்தின் உட்சுவர் புண்பட்டு, ஊசி குத்திய இடம் வலித்து வீங்கும். அதனால்தான் ஊசிமருந்து தயாரிப்பவர்கள் சோடியம் பைகார்பனேட்டையோ சோடியம் ஹைட்ராக்சைடையோ சேர்த்து, பிஹெச் மதிப்பை 5.5-க்கும் 7-க்கும் இடையில் கொண்டுவந்த பிறகே குப்பியில் அடைக்கிறார்கள். அந்த நிலையில் உள்ளே இருப்பது ஏறக்குறைய முழுவதும் சோடியம் அஸ்கார்பேட்தான். மருந்தின் அளவை அமிலத்தின் எடையில் கணக்கிடுவது வழக்கம் என்பதால் மேலே அமிலத்தின் பெயர் நிற்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது அஸ்கார்பிக் அமிலத் தூளைக் கரைத்து, அதில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போடுங்கள். நுரைத்துப் பொங்கும். பொங்கி அடங்கிய பின் புளிப்பு குறைந்து இலேசான உப்புச் சுவை தட்டும். குப்பிக்குள் நடந்திருப்பதும் இதே வினைதான். ஆகவே குப்பியின் முகப்பைப் படிப்பதோடு நிறுத்தாமல், பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ள வரியையும் படியுங்கள். பிஹெச் மதிப்பைச் சரிசெய்ய என்ன சேர்த்திருக்கிறார்கள், ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பவை அங்கேதான் இருக்கும்.

நான் உங்களை எச்சரிக்க விரும்புவது அந்தச் சோடியத்தைப் பற்றித்தான். அமிலமா உப்பா என்ற விவாதத்தில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் 500 மில்லிகிராம் வைட்டமின் கொண்ட ஊசிமருந்தில் சுமார் 65 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. வைட்டமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வி நோய்க்குப் பெரியவர்களுக்குத் தரப்படும் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் என்ற அளவில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் 25 கிராம் ஏற்றினால், வைட்டமினோடு 3,250 மில்லிகிராம் சோடியமும் உடலுக்குள் போகிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் உணவில் கொள்ளும் சோடியமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாயாருக்கு இதயம் பலவீனமாகவோ, கால் வீக்கமோ, கட்டுப்படாத இரத்த அழுத்தமோ இருந்தால், இந்தக் கணக்கை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சோடியத்தைத் தவிர்ப்பதற்காகக் கால்சியம் அஸ்கார்பேட்டை ஏற்றலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். கூடாது. வயிற்றை உறுத்தாமல் விழுங்குவதற்கு ஏற்ற வடிவம் அது. பேரளவுக் கால்சியம் சிரைக்குள் போனால் இதயத் துடிப்பின் ஒழுங்கே கெட்டுவிடும்.

கேள்வி: இணையத்தில் தூய சோடியம் அஸ்கார்பேட் தூள் கிடைக்கிறது, 99 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை என்றும் போட்டிருக்கிறார்கள். அதை வடிநீரில் கரைத்து, தெரிந்த செவிலியர் ஒருவரைக் கொண்டு ஏற்றிக்கொள்வதில் என்ன தவறு?

பதில்: தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தூள் தூய்மையானது என்பதற்கும் அது ஊசிமருந்து என்பதற்கும் வெகுதூரம். உணவுத் தரத் தூளில் கிருமி இல்லை என்று யாரும் உறுதி தருவதில்லை. கிருமிகளைக் கொன்றாலும் அவற்றின் உடலிலிருந்து பிரிந்த நச்சுப்பொருள் கரைசலில் தங்கிவிடும். நுண்வடிகட்டியாலோ சாதாரணக் கொதிநிலையாலோ அது நீங்காது. வாய்வழியே போனால் குடல் தடுத்துவிடும் அந்த நச்சு நேராக இரத்தத்தில் கலந்தால், கடும் குளிர்க்காய்ச்சலும் இரத்த அழுத்தச் சரிவும் வரக்கூடும். அளவிலும் பிழை நேரும்: ஒரு கிராம் சோடியம் அஸ்கார்பேட்டில் 889 மில்லிகிராம் அளவுக்கே அஸ்கார்பிக் அமிலம் இருக்கிறது.

கரைக்கும் திரவமும் சிறிய விஷயமன்று. குப்பியிலுள்ள செறிந்த கரைசல் ஊடுபரவு அழுத்தத்தில், அதாவது அணுக்களிலிருந்து நீரை இழுக்கும் வலிமையில், இரத்தத்தைவிடப் பல மடங்கு வலியது. நீர்க்காமல் ஏற்ற முடியாது. பெரிய அளவை உப்புக் கரைசலில் கலந்தால் சோடியம் மேலும் கூடுகிறது. சிறிய அளவை ஒரு பாட்டில் வெறும் நீரில் கலந்தாலோ இரத்தச் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி உடையும். மருத்துவமனை மருந்தகத்தில் நான் ஒவ்வொரு முறையும் இதைக் காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகுதான் கலக்கிறேன். கலப்பதற்கு முன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நிறமற்றோ மிக இலேசான மஞ்சளாகவோ இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் ஒளியும் காற்றும் பட்டு வைட்டமின் சிதைந்துவிட்டது என்று பொருள், அதைத் தள்ளிவிடுவேன்.

கேள்வி: மாத்திரையாக விழுங்கினால் போதாதா? ஏற்றினால்தான் பலன் அதிகமா?

பதில்: இரத்தத்தில் சேரும் அளவு அதிகம் என்பது உறுதி. குடல் ஓர் எல்லைக்கு மேல் இந்த வைட்டமினை உள்ளே விடுவதில்லை. 1.25 கிராமை விழுங்கியபோது இரத்த நீரில் லிட்டருக்குச் சுமார் 135 மைக்ரோமோலும், அதே அளவைச் சிரையில் செலுத்தியபோது சுமார் 885 மைக்ரோமோலும் உச்சமாகப் பதிவானதை 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அளவு கூடினால் பலனும் கூடும் என்று கொள்ள முடியாது. கிருமித்தொற்றால் இரத்தம் நஞ்சாகித் தீவிர சிகிச்சையில் இருந்த 872 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியான லோவிட் ஆய்வில், வைட்டமின் சி ஏற்றப்பட்டவர்களில் 44.5 விழுக்காட்டினரும், ஏற்றப்படாதவர்களில் 38.5 விழுக்காட்டினரும் 28 நாளில் இறந்தோ உறுப்புச் செயலிழப்பு நீடித்தோ இருந்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் சிரைவழி வைட்டமின் சி-க்கு ஒப்புதல் அளித்ததும் ஸ்கர்வி நோய்க்கு மட்டுமே. உணவோ மாத்திரையோ உட்கொள்ள முடிந்தவர், களைப்புக்காகவும் சருமப் பொலிவுக்காகவும் இதை ஏற்றிக்கொள்வதை நான் ஏற்கவில்லை.

கேள்வி: என் கணவருக்கு நீரிழிவு, சிறுநீரகமும் சற்றுப் பாதிக்கப்பட்டிருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாக அதிக அளவு வைட்டமின் சி ஏற்றச் சொல்கிறார்கள். எந்த வடிவம் அவருக்கு ஏற்றது?

பதில்: அம்மா, உங்கள் கணவரைப் பொறுத்தவரை எந்த வடிவம் என்பது முதல் கேள்வியன்று. எந்த வடிவத்தில் ஏற்றினாலும் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட்டாக மாறுகிறது. அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும்; இயலாதபோது கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி அந்தச் சிறுநீரகத்திலேயே படிந்து, இருக்கும் செயல்திறனையும் கெடுத்துவிடும். சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும் கிரியாட்டினின் என்ற பொருளின் அளவை இரத்தத்தில் பார்க்காமல் ஒரு பாட்டில்கூட ஏற்ற விடாதீர்கள்.

அடுத்து, ஜி6பிடி என்ற நொதிக்கான பரிசோதனை. பேரளவு வைட்டமின் சி இரத்தத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அந்த நொதி குறைவாக உள்ளவரின் சிவப்பணுக்கள் அதைத் தாங்காமல் கூட்டமாக உடையும். பிறவியிலேயே இருக்கும் இந்தக் குறை பலருக்கு ஆயுள் முழுதும் தெரியாமலே இருக்கிறது. அண்மையில் அவருக்கு இரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் தானமாக வந்த அணுக்கள் முடிவை இயல்பானதாகக் காட்டிவிடக்கூடும்.

நீரிழிவு உள்ளவருக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. விரல்நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரைமானிகளில் பல, வைட்டமின் சி-யையும் குளுக்கோஸ் என்று எடுத்துக்கொண்டு பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால், உண்மையில் சர்க்கரை சரிந்து அவர் மயங்கி விழுவார். மானியோ அப்போதும் சர்க்கரை அதிகம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஏற்றிய பின் குறைந்தது 24 மணி நேரம் வரை, மானி காட்டுவதை வைத்து இன்சுலின் அளவைக் கூட்டாமல், சிரை இரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி, வைட்டமின் சி-யைக் குளுக்கோஸ் என்று எடுத்துக்கொள்ளாத ஹெக்சோகைனேஸ் முறையில் அளந்து தரும்படி கேளுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால், மானியில் எந்த எண் தெரிந்தாலும் சரி, சர்க்கரை குறைந்துவிட்டது என்றே கொண்டு, அவர் விழுங்கும் நிலையில் இருக்கும்போதே இனிப்பு கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.