மவுண்டன் பைக் செயின் ‘நீண்டு போச்சு’ என்றால் என்ன?

இரும்பு இழுபட்டு நீளவில்லை. கண்ணிகளைக் கோர்க்கும் ஊசிகள் தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது, அவ்வளவுதான். பழைய பிணைச்சல் தேய்ந்து கதவு ஆடுமே, அதே மாதிரி, ஆனால் இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பிணைச்சல்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இது சீக்கிரமே வரும். உப்புக் காற்றில் துரு ஏறும், கடற்கரை மணல் எண்ணெயில் ஒட்டி உள்ளே அரைக்கும்.

அடிமட்டம் வைத்துப் பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் கூடியிருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் செயினைவிட விலை கூடிய பின்பக்கப் பல்சக்கரங்களையும் அது தின்றுவிடும்.

நிறைய எண்ணெய் ஊற்றினால் செயின் நீடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு: ஊசியைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி போதும், வெளியில் நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.