கடற்கரையில் வால்நட்சத்திரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2024 அக்டோபரில், மழைக்கு முந்தைய ஒரு மாலை, சுச்சின்ஷான்–அட்லஸ் வால்நட்சத்திரத்தைக் காட்டுகிறார்கள் என்று குடும்பத்துடன் சென்னைக் கடற்கரைக்குப் போயிருந்தோம். நீண்ட வரிசையில் நின்று தொலைநோக்கியில் கண் வைத்தால், பஞ்சுப்பிசிறு போல ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற இளைஞரின் கைப்பேசிப் படத்திலோ வால் தெளிவாக விழுந்திருந்தது. பிறகு எதற்கு இந்தக் கூட்டம்? நாமே ஒரு நல்ல தொலைநோக்கி வாங்கிவிடலாமா?

வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

சனியின் வளையத்தைக் காட்டுவதற்குச் செய்யும் ஏற்பாட்டை அப்படியே வால்நட்சத்திரத்துக்கும் செய்ததுதான் உங்கள் ஏமாற்றத்துக்குக் காரணம். சனி சிறியது, ஒளி செறிந்தது. அதைப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். வால்நட்சத்திரம் பரந்து மங்கியது. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் எண்பது மடங்கு பெரிதாக்கினால், பார்வையில் அடங்குவது முழுநிலவைவிடச் சற்றே அகலமான ஒரு வட்டம் மட்டுமே. அந்த வாரம் இருண்ட வானத்தில் எடுத்த படங்களில் வால் பத்துப் பாகைக்கும் மேல், அதாவது இருபது நிலவுகளை வரிசையாக வைத்தாலும் எட்டாத தூரத்துக்கு நீண்டிருந்தது. நீங்கள் பார்த்தது அதன் தலையை மட்டும்தான்.

அதைவிடப் பெரிய பிசகு, தேர்ந்தெடுத்த இடம். அக்டோபர் 12 அன்று சுமார் ஏழு கோடி கிலோமீட்டர் தொலைவில் நம்மைக் கடந்த அது, அதன்பின் சூரியன் மறைந்ததும் மேற்கே, வெள்ளிக்கு வலப்புறமாக, தாழ்வாகத் தெரிந்தது. சென்னைக் கடற்கரையில் இருண்டிருப்பது கிழக்கு. மேற்கில் நகரத்தின் வெளிச்சமும் புகையும் மொத்தமாக நிற்கின்றன. செப்டம்பர் இறுதியில் அது விடியலுக்கு முன் கிழக்கில் எழுந்தபோது கூட்டியிருந்தால் அதே மணல்வெளி பொருத்தமாக இருந்திருக்கும். மாலைக்கு, நகரைவிட்டு விலகி, மேற்கே நீர்ப்பரப்பு விரியும் ஓர் ஏரிக்கரைக்குத்தான் போயிருக்க வேண்டும். அதற்கும் கிடைத்தவை சில மாலைகளே: 15ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது, 17ஆம் தேதி பௌர்ணமி.

கைப்பேசி சில விநாடிகள் ஒளியைச் சேர்த்துவைத்துப் படமாக்குகிறது. கண்ணால் அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. ஆனால் இருட்டில் இருபது, முப்பது நிமிடம் பழகிய கண் கணிசமாகக் கூர்மை பெறும். வாலை நேராக உறுத்துப் பார்க்காமல் கடைக்கண்ணால் பார்த்தால் இன்னும் சற்று நீண்டு தெரியும். வரிசையில் ஒருவர் கைப்பேசித் திரையை ஒளிர விட்டால் அத்தனை பேரின் பழக்கமும் கெடும் (படம் எடுப்பவர்களிடம் இதைச் சொல்லி நான் நல்ல பெயர் வாங்கியதில்லை).

இதனால் கூட்டமே வீண் என்று சொல்ல மாட்டேன். அந்தி வெளிச்சத்தில் மங்கலான ஒன்றை முதன்முறையாகத் தேடுகிறவர்களுக்கு, கை நீட்டி இடத்தைக் காட்ட விவரம் தெரிந்த ஒருவர் உடனிருப்பது பெரிய உதவி. ஒரு தொலைநோக்கிக்கு முன் வரிசை கட்டுவதற்குப் பதில், நாலைந்து பைனாகுலர்களைக் கைமாற்றிப் பார்க்க விட்டிருந்தால் போதும்.

வால்நட்சத்திரத்துக்காக மட்டும் தொலைநோக்கி வாங்க வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும், ஐம்பது மில்லிமீட்டர் வில்லை கொண்ட பைனாகுலர் ஒன்று போதும். அடுத்த அறிவிப்பு வரும்போது, அது எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் தெரியும் என்று கேட்டுக்கொண்டு, அந்தத் திசை இருட்டாக இருக்கும் இடமென்றால் மட்டும் கிளம்புங்கள்.