எம்.ஜி.பி.யா, டி.ஆர்.6-ஆ: 150 குதிரைத்திறனை அப்படியே நம்ப வேண்டாம்

எம்.ஜி.பி., ட்ரையம்ப் டி.ஆர்.6 என்ற இரண்டு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் எதை வாங்கலாம் என்று கேட்டு, 1972 பிரிட்டிஷ் எம்.ஜி.பி. 95 குதிரைத்திறன், அமெரிக்காவிலிருந்து வந்த டி.ஆர்.6 150 என்று ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்த 150, லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் முறை) உள்ள பிரிட்டிஷ் மாடலுக்கு உரியது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் இரட்டை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர். திறன் 105-ஐ ஒட்டித்தான். முதலில் எஞ்சின் எண்ணின் தொடக்க எழுத்துகளைப் பாருங்கள்: சி.பி., சி.ஆர். என்றால் இன்ஜெக்‌ஷன், சி.சி., சி.எஃப். என்றால் கார்புரேட்டர்.

டி.ஆர்.6 எடையும் 150 கிலோவுக்கு மேல் கூடுதல். ஆகவே நீங்கள் நினைக்கும் வேக வித்தியாசம் இந்த வண்டியில் கிடைக்காது. ஆனால் 2498 சிசி, 6 சிலிண்டர், 95 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுக்கும் சுகம் 1798 சிசி எம்.ஜி.பி.யில் வராது.

டி.ஆர்.6-ல் பெரிய ஆபத்து கிராங்க் த்ரஸ்ட் வாஷர், அதாவது எஞ்சினின் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் வளையம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரை கிளட்ச்சை மிதித்து விடச் சொல்லி, கிராங்கின் முன் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது. டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து அளந்தால் அந்த நகர்வு 0.15 முதல் 0.20 மி.மீ. வரை சரி. வாஷர் கழன்று விழுந்தால் பிளாக்கும் கிராங்கும் சேர்ந்தே போகும். சேஸியில் (அடிச்சட்டத்தில்) பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ட்ரெயிலிங் ஆர்ம் பொருந்தும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

எம்.ஜி.பி.க்குத் தனி சேஸி கிடையாது, பாரத்தைத் தாங்குவது கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற பெட்டி போன்ற தகடுதான். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கும்போது கதவு இடுக்கு குறுகினால் வாங்காதீர்கள். சில்லின் வெளித்தகடு புதிதாக மின்னினாலும் உள்ளே அரித்திருக்கும்.

என் ஓட்டு, ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள எம்.ஜி.பி.க்கு. இன்ஜெக்‌ஷன் டி.ஆர்.6 என்றால் வேறு பேச்சு.