கன்சல்டிங்கில் டெம்போ டிராவலர் வாங்கலாமா?

கேள்வி: கோயில் சுற்றுலாவுக்கு விடலாம் என்று ஈரோட்டில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2016 மாடல் டெம்போ டிராவலர் பார்த்தேன். மஞ்சள் போர்டு. மீட்டரில் 92,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. 'பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துட்டுப் போங்க, பேர் மெதுவா மாத்திக்கலாம்' என்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பேர் மாறாமல் எடுக்காதீர்கள், தம்பி. பழைய ஓனரிடம் பேர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் கையெழுத்து வாங்கி, வாங்குபவர் இடத்தைக் காலியாக விட்டே வண்டியைக் கைமாற்றுவது இந்தத் தொழிலில் நடப்பதுதான். நடுவில் எங்காவது மோதினால் நஷ்டஈட்டு வழக்கு ஆர்.சி.யில் பேர் உள்ளவரைத் தேடிப் போகும். உங்கள் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸும் கை விரித்துவிடும். 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி விற்பவருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வேண்டும், வண்டி தன் கைக்கு வந்ததையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிய வேண்டும். இரண்டையும் கேளுங்கள்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் ஏறியிருந்தால் கடன் தீர்ந்தது என்று பைனான்ஸ்காரர் தரும் என்.ஓ.சி.யும் 35-ஆம் ஃபாரமும் பார்த்த பிறகே அட்வான்ஸ். பர்மிட்டும் உங்கள் பேருக்கு மாற வேண்டும். டாக்ஸ், அபராத சலான் பாக்கி இருக்கக் கூடாது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருஷா வருஷம், எப்போது முடிகிறது என்று பாருங்கள்.

92,000-ஐ நான் நம்பமாட்டேன். டூரிஸ்ட் வண்டி இரண்டு வருஷத்திலேயே அவ்வளவு ஓடிவிடும். கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தாலும் சந்தேகம்தான், அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம்தான்.

கடை திறக்கும் நேரத்துக்கே போய், இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவது தெரியாமல் இருக்க முன்பே ஓடவிட்டிருக்கலாம், இன்னொரு நாள் வாருங்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். வீலுக்கு மேல் வளைவில் சின்னக் காந்தத்தை வையுங்கள். ஒட்டாத இடத்தில் துருவையோ அடியையோ மறைக்கப் பட்டி பூசியிருக்கிறார்கள்.

நாளை ஒரு வேன் நிறைய ஆட்களோடு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கப்போகிற வண்டி இது. கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினால் போதாது. சென்னிமலைக் கோயில் மலைப்பாதைவரை ஓட்டுங்கள். இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் அப்படியே வேண்டாம், சரிசெய்து காட்டட்டும்.

எல்லாம் சரி என்றால் ரசீதோடு அட்வான்ஸ் கொடுங்கள். மீதிப் பணம் ஆர்.சி. உங்கள் பேருக்கு மாறிய அன்று, சாவி வாங்கும்போது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கடையைப் பாருங்கள்; ஈரோட்டில் டிராவலருக்கா பஞ்சம்?