பொட்டலத்துல என்ன இருந்துச்சு?

கேள்வி: எனக்கு 47 வயசு. ஒரு வருஷமா வலது பக்கம் இடுப்பு வலி. தொடையும் அடிவயிறும் சேர்ற இடத்துல உள்ளுக்குள்ள பிடிச்சு இழுக்குது, முட்டி வரைக்கும் இறங்குது. முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தோம், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. சம்மணம் போட முடியல. ரொம்ப முடியலைன்னா பையன் மெடிக்கல்ல மாத்திரைப் பொட்டலம் வாங்கிட்டு வருவான், வாரத்துக்கு மூணு நாள் ஆகிடும், போட்டா பறப்பேன். தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். முகமெல்லாம் பூரிச்சு கல்யாணக் களை வந்துடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுவரைக்கும் தாங்க எந்தத் தைலம் நல்லது, பெல்ட் போடலாமா?
வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: நாலு பக்கம் எழுதியிருக்கீங்கம்மா. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தது, சம்பந்தியம்மா புடவை கலர்ல குறை சொன்னது எல்லாம் இருக்கு. அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் ஒரே வரி.

எனக்கு அந்தப் பொட்டலம் நல்லா தெரியும். பழைய பேப்பர்ல மடிச்சு, உள்ள ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, அது போக பொடிசா இன்னொண்ணு, பட்டையில இருந்து பிரிச்சு எடுத்ததால பேரும் இருக்காது தேதியும் இருக்காது. எங்க மாமியார் மாசக்கணக்கா முழுங்கினாங்க, நாங்களும் அட நல்லா கேக்குதேன்னு வாங்கிக் கொடுத்தோம், அப்புறம்தான் தெரிஞ்சுது அந்தப் பொடிசு ஸ்டீராய்டுன்னு, அதாவது வீக்கத்தையும் வலியையும் சட்டுனு அமுக்குற வீரியமான மருந்துன்னு. உங்க பொட்டலத்துலயும் அதுதான்னு நான் பாக்காம சொல்ல முடியாது. ஆனா போட்டா பறக்குறீங்க, முகம் பூரிச்சிருக்கு. அது கல்யாணக் களையா இல்லாம மருந்தோட உப்பலா இருந்தா?

ஸ்டீராய்டு நிறைய உள்ள போனா தொடை எலும்போட பந்து மாதிரி இருக்கிற தலைக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு எலும்பு செத்துப் போகலாம். அதிகமா குடிக்கிற ஆம்பளைங்களுக்கும் இது வரும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமலே போகும், எம்.ஆர்.ஐ.ல தெரிஞ்சுடும். அப்பவே புடிச்சுட்டா எலும்புல துளை போட்டு மூட்டைக் காப்பாத்தப் பாப்பாங்க, தலை நசுங்கிட்டா மூட்டு மாத்துறதுலதான் போய் நிக்கும். இப்ப யோசிங்க, வலிக்குன்னு போடுற மாத்திரையே வலிய வளர்த்துட்டு இருந்தா?

இன்னொரு விஷயம். நம்ம ஊர்ல இடுப்பு வலின்னா எதை வேணாலும் சொல்லுவோம். பின்பக்கம் புட்டத்துல ஆரம்பிச்சு காலுக்கு இறங்குனா பெரும்பாலும் முதுகெலும்பு நரம்பு. பக்கவாட்டுல முட்டிட்டு நிக்குற எலும்பு மேல வலிச்சு, அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலைன்னா அது தசைநார், 40 தாண்டின பொம்பளைங்களுக்கு ரொம்ப சகஜம். உங்களுக்கு முன்பக்கம், கவட்டைல. அதுதான் மூட்டு இருக்கிற இடம். இடுப்பு மூட்டு கெட்டா முட்டியில வலிக்கிறதும் வழக்கம், முட்டி எக்ஸ்ரே நல்லா இருந்ததுல ஆச்சரியம் இல்ல. வெறும் தேய்மானமாவும் இருக்கலாம், அதுலயும் சம்மணம் போட வராது, கால் நகம் வெட்டக் குனிய முடியாது. எதுன்னு டாக்டர் பாத்துதான் சொல்லணும், நானும் சொல்லக் கூடாது, அந்த மெடிக்கல்காரரும் சொல்லக் கூடாது.

பொண்ணு கல்யாணத்தை முடிச்சுட்டு பாத்துக்கலாம்னு எழுதலைன்னாலும் நெனப்பு அதுதான்னு புரியுது. கல்யாண வேலைய அம்மா முன்ன நின்னு பண்ணணும்னு நெனக்கிற பழைய ஆளுதான் நானும். நிக்கிறதுக்கு கால் வேணும்ல? உங்க பையன் மேலயும் எனக்குக் கோவம். பொட்டலம் வாங்க வாரத்துக்கு மூணு தடவை வண்டிய எடுக்குறவனுக்கு ஒரு நாள் லீவு போட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக முடியலையா? அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்துட்டா கடமை முடிஞ்சுதுன்னு இருக்கிறானே, அதை நான் ஒத்துக்க மாட்டேன். இந்தப் பக்கத்தை அவன்கிட்ட படிக்கக் கொடுங்க, திட்டட்டும் என்னை.

இந்த வாரமே எலும்பு டாக்டரைப் பாருங்க. விருதுநகர்லயே அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, ஓ.பி.க்கு காலையிலயே போயிடுங்க. ஒரு வருஷமா பொட்டலம் போடுறதை மறைக்காம முதல்ல அதைச் சொல்லுங்க, சுகரும் பாக்கச் சொல்லுங்க. நான் திட்டினேன்னு இன்னைக்கே டக்குனு நிறுத்திடாதீங்க, ஸ்டீராய்டா இருந்தா ரொம்ப நாள் போட்டுட்டு திடீர்னு விட்டா மயக்கம் போட்டு விழுற அளவுக்குப் போகலாம், குறைக்கிற வழிய டாக்டர்தான் சொல்லணும். மிச்சம் இருக்கிற பொட்டலத்தைக் கையில எடுத்துட்டுப் போங்க, அந்தப் பொடிசை அவர் கண்ணால பாக்கட்டும். அதுக்குள்ள காய்ச்சல் வந்தாலோ, விழுந்துட்டாலோ, கால் ஊன முடியலைன்னாலோ ஓ.பி.க்குக் காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

தைலம் கேட்டீங்கல்ல, உங்களுக்குப் பிடிச்சதைத் தேய்ச்சுக்கோங்க. அந்த மூட்டு அவ்வளவு சதைக்கு உள்ள இருக்கு, தைலத்தோட சூடு தோலோட நின்னுடும். பெல்ட்டு முதுகுக்குப் போடுறது, அந்தக் காசுக்கு ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க.