குழந்தைக்கு அலர்ஜியா, சைனஸா? – கேள்வி பதில்

மூக்கொழுகல், அலர்ஜி டெஸ்ட், சைனஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். நான் குழந்தை மருத்துவர். அதனால் பெரியவர்களின் சைனஸ் ஆபரேஷன் பற்றிக் கேட்ட இரண்டு பேரும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பையனுக்கு 5 வயது டாக்டர். யுகேஜி சேர்ந்ததிலிருந்து மாதா மாதம் சளி. ஒருவர் அலர்ஜி என்கிறார், இன்னொருவர் சைனஸ் என்று ஆன்டிபயாடிக் எழுதுகிறார். எதை நம்புவது?

இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம் அம்மா. பள்ளிக்குப் போக ஆரம்பித்த புதிதில் வருடத்துக்கு 6 முதல் 8 தடவை வைரஸ் சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொன்றும் ஒரு வாரம் பத்து நாள் இழுத்தால் மழைக்காலம் முழுக்க மூக்கு ஒழுகிக்கொண்டே இருப்பது போலத்தான் தெரியும்.

அலர்ஜி என்றால் அரிப்பு இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் அண்ணத்திலும் நமைச்சல், காய்ச்சல் கிடையாது. உள்ளங்கையால் மூக்கு நுனியை மேலே தள்ளித் தேய்த்துக்கொண்டே இருப்பான். தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கும், கண்ணுக்குக் கீழே கருமை தட்டியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சதை வெளிறி வீங்கியிருக்கும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பாக்டீரியா சைனஸ், அதாவது மூக்கைச் சுற்றியுள்ள காற்று அறைகளில் வரும் பாக்டீரியா தொற்று, மூன்று விதமாக வரும். சளி பிடித்துப் பத்து நாள் தாண்டியும் ஒழுகலோ பகல் இருமலோ கொஞ்சமும் குறையாமல் இருப்பது ஒன்று. ஆரம்பத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற கெட்டிச் சளியும் சேர்ந்து, விடாமல் மூன்று நாள் இருப்பது இன்னொன்று. மூன்றாவது, ஐந்தாறு நாளில் குறைந்துகொண்டே வந்தவனுக்குத் திடீரென்று மறுபடி காய்ச்சல் வந்து மோசமாவது. இதில் ஒன்றாவது இருந்தால்தான் ஆன்டிபயாடிக் பேச்சே. சமையலறைக் காலண்டரில் சளி தொடங்கிய தேதி, காய்ச்சல் வந்த நாள், தும்மல் அதிகமான நாள் என்று இரண்டு மாதம் குறித்து எடுத்துப் போங்கள். எந்த ஸ்கேனையும் விட அந்தத் தாள் உங்கள் டாக்டருக்கு உதவும்.

சளி மஞ்சளாக வந்தால் இன்ஃபெக்‌ஷன்தானே?

இல்லை. சாதாரண வைரஸ் சளியே மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி, பச்சையாகி, பிறகு தானாகத் தெளியும்.

3 வயதுப் பெண்ணுக்கு நெற்றி வலி. சைனஸ் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள்.

நெற்றிக்குள் இருக்கும் சைனஸ் அறை ஏழு வயது வாக்கில்தான் தலைகாட்டும், முழுதாக வளர்வது பதின்ம வயதில். 3 வயதில் நெற்றி வலிக்கு அந்த சைனஸைக் குற்றம் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயும் வேண்டாம், வெறும் சளி பிடித்த குழந்தைக்கு எடுத்தாலும் மங்கலாகத்தான் தெரியும். வலி தொடர்ந்தால் வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும், நேரில் காட்டுங்கள்.

அலர்ஜி டெஸ்ட் எப்படிச் செய்வார்கள்? குழந்தைக்கு வலிக்குமா? எந்த வயதில் செய்யலாம்?

ஸ்கின் பிரிக் டெஸ்ட் பற்றிச் சொல்கிறேன். குழந்தை உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கும். முன்கையின் உட்புறத்தில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு: தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, கரப்பான் பூச்சி, பூஞ்சை, பூனை முடி, பார்த்தீனிய மகரந்தம் என்று. சொட்டின் மேல் சின்ன முனையால் லேசாக ஒரு குத்து, ரத்தம் வராது. கூடவே ஹிஸ்டமின் (அலர்ஜி வரும்போது உடம்பே வெளிவிடும் பொருள்) ஒரு சொட்டு, உப்புநீர் ஒரு சொட்டு. ஹிஸ்டமின் வீங்க வேண்டும், உப்புநீர் வீங்கக் கூடாது, அப்போதுதான் டெஸ்ட் செல்லும். 15 முதல் 20 நிமிடத்தில் கொசு கடித்தது போல எழும் தடிப்பை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். உப்புநீர் இடத்தை விட 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ்.

வயது வரம்பு என்று ஒன்றும் இல்லை, கைக்குழந்தைக்குத் தடிப்பு சின்னதாக வரும், அவ்வளவுதான். ஆனால் ஒரு வாரம் முன்பே செட்ரிசின் மாதிரி அலர்ஜி மருந்தை நிறுத்த வேண்டும். பல இருமல் சிரப்பிலும் குளோர்பெனிரமின் என்ற அதே வகை மருந்து இருக்கும், லேபிளைப் படியுங்கள். மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயையும் இன்ஹேலரையும் நிறுத்தாதீர்கள். கடுமையான அலர்ஜி வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசி கையில் தயாராக இருக்கும் இடத்தில் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

பச்சை சளி டாக்டர், ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

மேலே மஞ்சள் சளிக்குச் சொன்னதேதான்.

என் மகளுக்கு 4 வயது, கரப்பான் (எக்ஸிமா) மாதிரி தோல் அரிப்பும் உண்டு. லேபில் ரத்தம் எடுத்து 200 உணவுக்கு டெஸ்ட் செய்தோம். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை எல்லாம் சிவப்பில் வந்தது. மொத்த ஐஜிஇ 680. டிசம்பரிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். மூக்கொழுகல் மட்டும் நிற்கவில்லை.

இன்றைக்கு வந்ததில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த கேள்வி இது. அந்த 200 உணவு டெஸ்ட் பெரும்பாலும் ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளப்பது. ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அதற்கு ஐஜிஜி இருக்கும், அது அலர்ஜி இல்லை. அலர்ஜிக்கு இதைச் செய்யாதீர்கள் என்று ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜி மருத்துவர் சங்கங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. அலர்ஜியோடு தொடர்புள்ள எதிர்ப்புப் பொருள் ஐஜிஇ; ஆனால் மொத்த ஐஜிஇ வயிற்றில் பூச்சி இருந்தாலும் ஏறும், தோல் அரிப்பு இருந்தாலும் ஏறும். அப்புறம், உணவு அலர்ஜி வெறும் மூக்கொழுகலாக மட்டும் வருவது அபூர்வம்.

அதே அப்பா: பணம் கட்டி எடுத்த ரிப்போர்ட் எப்படிப் பொய்யாகும்? எண் எல்லாம் போட்டிருக்கிறார்களே. டெஸ்டே வேண்டாம் என்கிறீர்களா?

எண் பொய் இல்லை சார், அதற்குக் கொடுத்த அர்த்தம்தான் தவறு. ஐஜிஇ டெஸ்டிலும் இப்படித்தான்: பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது, அவ்வளவே. அதைச் சாப்பிட்டால் தடிப்போ வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால்தான் அலர்ஜி. டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கதையைக் கேட்டு, தூசியா பூனையா என்று சந்தேகம் வந்த பிறகு அதற்கு மட்டும் செய்ய வேண்டும்.

இன்னொரு அம்மா: நாங்களும் கோதுமையை நிறுத்தினோம், குழந்தைக்கு நன்றாகிவிட்டதே!

நல்லதுதான் அம்மா. ஆனால் எந்த மாதம் நிறுத்தினீர்கள்? சளிக் காலம் முடிந்தாலும் மூக்கு தெளியும். வளரும் குழந்தையிடமிருந்து பாலையும் முட்டையையும் ரிப்போர்ட் பார்த்துப் பிடுங்காதீர்கள். இதை எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி, 2 வயது.

பெரும்பாலும் உள்ளே எதையோ போட்டிருப்பான். பாசிமணி, புளியங்கொட்டை, ரப்பர் துண்டு எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் எடுக்க முயலாதீர்கள், இன்றே ஈஎன்டி டாக்டரிடம் போங்கள். பொம்மை பேட்டரி காணாமல் போயிருந்தால் இந்த நிமிடமே கிளம்புங்கள், சில மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும்.

மெடிக்கலில் கொடுத்த மூக்கடைப்பு சொட்டு மருந்தை ஒரு மாதமாகப் போடுகிறோம்.

ஐந்து நாளுக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். நிறுத்திவிட்டு உப்புநீர்ச் சொட்டு போடுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

தலைக்குக் குளித்ததும் சாம்பிராணி போடலாமா?

அலர்ஜியோ வீசிங்கோ உள்ள குழந்தைக்கு வேண்டாம். கொசுவர்த்திப் புகையும் வேண்டாம்.

சளியோடு ஒரு கண் சிவந்து வீங்கியிருக்கிறது, காய்ச்சலும் உண்டு. காலை வரை பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. சைனஸ் தொற்று கண்குழிக்குள் பரவியிருக்கலாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த 200 டெஸ்ட் அப்பா: சரி டாக்டர், டிசம்பருக்கு முன்னால் பால், முட்டை எல்லாம் சாப்பிட்டாள், ஒன்றும் ஆனதில்லை. நாளைக்கே கொடுக்கலாமா?

வீட்டில் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். தோல் அரிப்புள்ள குழந்தைக்கு ஒரு உணவை மாதக்கணக்கில் நிறுத்தினால், முன்பு ஒத்துக்கொண்டதே பிறகு ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு. அலர்ஜி பார்க்கும் குழந்தை மருத்துவர் முன்னிலையில் ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். அந்த ரிப்போர்ட்டையும், நிறுத்துவதற்கு முன் எதை எவ்வளவு சாப்பிட்டாள் என்று எழுதிய ஒரு தாளையும் கொண்டுபோங்கள். மூக்குக்குத் தூசிப்பூச்சி டெஸ்ட் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.